பூங்கோதை வீட்டு வாட்ச்

ஜன்னல் ஓரமா நான் உக்காந்துக்கட்டுமா அம்மிணி? காத்து வரலைன்னா எனக்குக் குமட்டும். நீங்க எங்க இறங்கோணும்? கரூரா? நல்லதாப் போச்சு, நானும் கரூர்தான். அந்தப் பையைக் கால்கிட்ட வெச்சுக்குங்க. மேல வெச்சா பிரேக் போடறப்ப தலையில விழும். போன மாசம் ஒருத்தி தலையில தேங்காய்ப் பை விழுந்து... சரி, அது எதுக்கு இப்ப.

அங்க பாருங்க, ஆம்பளைங்க பக்கம், டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. ஊதாக் கட்டம் போட்ட சட்டை. பக்கத்து ஆளுகிட்டக் கையை நீட்டி நீட்டிக் காட்டறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. சென்னியப்பன். நான் புருசன் பேரைச் சொல்லறவ இல்லை. இன்னைக்குச் சொல்றேன். அத்தனை வயித்தெரிச்சல்.

அவர் என்ன காட்டறாரு தெரியுதா? வாட்ச். மத்தியானம்தான் ஈரோட்டுல வாங்கினது. புதுசு இல்லை. பழசு. நாம பொறக்கறதுக்கு முந்தி வெளிநாட்டுல செஞ்சதாம். லொரான்னு கம்பெனி. ஒரு வாட்சுக்கா இத்தனை கோவம்னு நீங்க நினைப்பீங்க. வாட்சுக்கு இல்லை அம்மிணி. அது யார் வீட்டு வாட்சுன்னு கேளுங்க. பூங்கோதை வீட்டு வாட்ச்.

பூங்கோதை யாருன்னு கேப்பீங்க. எனக்கு முந்தி இவருக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு. வெள்ளகோயில்காரி. எண்ணெய் மில்லு வெச்சிருந்த குடும்பம். உப்பும் சக்கரையும் மாத்தி நிச்சயமெல்லாம் முடிஞ்சு, அன்னைக்குச் சபையிலயே அவ அண்ணன் எந்திரிச்சு வந்து இவரு கையில வாட்ச் கட்டிவிட்டானாம். சுவிஸ் வாட்ச். இதே லொரான். அப்புறம் அவங்க பாட்டனாரு திடீர்னு போய்ச் சேர்ந்துட்டாரு. சகுனம் சரியில்லைன்னு பொண்ணு வீட்டுலயே நிறுத்திட்டாங்க. எங்க சனத்துல நிச்சயம் நின்னு போச்சுன்னா அவங்கவங்க போட்டதை அவங்கவங்ககிட்டத் திருப்பணும். இவங்க பொண்ணுக்கு எடுத்த சேலை அங்கிருந்து இங்க வந்துச்சு. வாட்ச் இங்கிருந்து அங்க போச்சு. இவரு ஒரு மாசம்கூடக் கட்டலை. கையில இருந்து கழட்டிக் குடுத்தாரு.

இதையெல்லாம் எனக்கு யார் சொன்னது? எங்க மாமியார்தான். வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அவங்களுக்கு வெங்காயத்துல கண்ணுல தண்ணி. எனக்கு வெங்காயமில்லாமயே.

அந்தப் பூங்கோதையை நான் பாத்ததில்லை. போட்டோகூடப் பாத்ததில்லை. ஆனா எனக்குத் தெரியும். ஒல்லியா, செவப்பா, மூக்கு எடுப்பா இருப்பா. அப்படி இல்லாதவளுக்குப் பூங்கோதைன்னு பேரு வெப்பாங்களா? என் பேரு கலாமணி. பாருங்க.

இத்தனை வருசத்துல அவரு அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அதுதான் அம்மிணி. அதுதான் விசயமே! மனசுல ஒண்ணுமில்லைன்னா பேசியிருக்க மாட்டாரா? வாட்சைப் பத்தி மட்டும்தான் பேசுவாரு. சோறு போட்டு உக்காந்திருப்பேன், டிவியில எவனோ ஒருத்தன் கை தெரியும், இவரு ஆரம்பிச்சிடுவாரு.

"அந்த வாட்சுல செகண்டு முள்ளு டக்கு டக்குன்னு குதிக்காது கலா. எறும்பு ஊர்றாப்புல நழுவிக்கிட்டே போகும். கண்ணாடி நடுவுல மேடா இருக்கும். வெயில் பட்டா அது மேல ஒரு பொட்டு வெளிச்சம் நிக்கும்."

நழுவும், மேடா இருக்கும், வெளிச்சம் நிக்கும். என்னைப் பத்தி ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்காரா? 'ரசத்துல உப்பு சரியா இருக்கு கலா.' அவ்வளவுதான் எனக்கு.

நான் விடலை. ஒரு நாள் கேட்டுட்டேன். "ஏனுங்க, பூங்கோதை இப்ப எங்க இருப்பா?"

"எந்தப் பூங்கோதை?"

"உங்க பூங்கோதை. வெள்ளகோயில்."

விட்டத்தைப் பாத்து யோசிச்சாரு. "ஓ, வாட்ச் போட்டாங்களே, அவங்களா? அந்தப் பொண்ணு பேரு பூங்கொடி இல்லையா?"

"பூங்கோதை"ன்னு நான்தான் திருத்தினேன். பேரே மறந்தாப்புல நடிக்கறதுக்கு ஒரு மனுசனுக்கு எத்தனை சாமர்த்தியம் வேணும், நினைச்சுப் பாருங்க!

இவரு பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறையில சூப்பர்வைசர். இந்த பஸ்ஸுகூட அவங்க பட்டறையில கட்டினதா இருக்கும். அதுதான் ஏறினதும் தகரத்தைத் தட்டிப் பாத்தாரு. நான் ஏழாவதோட நின்னவ. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். மேசை விரிப்பு, தலகாணி உறை, திரைச்சீலை, எல்லாம் எங்க கையைத் தாண்டித்தான் கப்பலேறும். நூல் விட்டிருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, பிரிண்ட் தள்ளி விழுந்திருக்கா, எல்லாம் பாக்கணும். குறை இருக்கிற இடத்துல செவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். ஒட்டாம விட்டா பாஸ்னு அர்த்தம். யாரும் 'நல்லா இருக்கு'ன்னு எழுத மாட்டாங்க. ஸ்டிக்கர் இல்லைன்னா நல்லா இருக்கு. அவ்வளவுதான் எங்க வேலை.

வீட்டுலயும் நான் அப்படித்தானாம். இவரு கேலி பண்ணுவாரு. "எங்கக்கா வர்றா. நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டிராத தாயி"ம்பாரு. நான் என்ன, சும்மா குறை சொல்றேனா? குறை இருந்தாத்தானே சொல்லுவேன். அவங்கக்கா அன்னைக்குக் குழம்புல புளியை... சரி, விடுங்க.

போன வாரம் போன்ல என்னத்தையோ நோண்டிக்கிட்டு இருந்தவரு, 'ஹா'ன்னாரு. எனக்குத் திக்குன்னுச்சு. யாருக்கு என்ன ஆச்சோன்னு ஓடி வந்தேன். போன்ல வாட்ச் படம். ஈரோட்டுல அன்வர்தீன் பாய்னு ஒருத்தர் பழைய வாட்ச் விக்கறாராம். "இதேதான் கலா, இதே மாடல்"ங்கறாரு. போனை மூக்குக்கிட்டக் கொண்டு போய்க் கொண்டு போய்ப் பாக்கறாரு. எங்க பொண்ணு பொறந்தப்பகூட அப்படிப் பாக்கலை. நான் பாத்தேனே.

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு இந்த வெயில்ல?"

"பழைய சாமான். ஏமாத்திடுவாங்க. நாலு கண்ணு இருந்தா நல்லதுதானே?"

வாயில அப்படிச் சொன்னேன். மனசுல என்ன நினைச்சேன் தெரியுமா? எப்படியாவது ஒரு குறையைக் கண்டுபிடிச்சுடணும். அந்த வாட்ச் எங்க வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்.

அந்த வாரம் பூரா கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல நான் வீடியோவாப் பாத்தேன். ஒரு கையில சோறு, ஒரு கையில போன். பழைய வாட்ச் வாங்கறதுக்கு முந்தி என்னென்ன பாக்கோணும்னு தமிழ்லயே சொல்றாங்க அம்மிணி. ரொம்ப மின்னினா சந்தேகப்படணுமாம். பாலிஷ் போட்டுப் போட்டு ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்குமாம், சப்பின மிட்டாயாட்டம். இருட்டுல மின்னறதுக்கு முள்ளு மேல தடவின மருந்தும் நம்பர் மேல தடவின மருந்தும் ஒரே நிறமா இருக்கணும். ஒண்ணு வெளுப்பாவும் ஒண்ணு பழுப்பாவும் இருந்தா முள்ளை மாத்திட்டாங்கன்னு அர்த்தம். முதுகைத் திறந்து பாக்காம வாங்கவே கூடாது. வெளிய ஒரு கம்பெனி பேரு, உள்ள ஒரு கம்பெனி மிஷினுன்னு ஒட்டுப்போட்டு வித்துடுவாங்களாம். முகத்துக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சு, பேரை மறுபடி அச்சடிச்சு வெப்பாங்களாம். நல்லாப் பாருங்க, இதெல்லாம் எங்க வேலைதானே? துணிக்குப் பதிலா வாட்ச்.

ஈரோட்டுல மணிக்கூண்டுப் பக்கம் ஒரு மாடியில பாய் ரூமு. நல்ல மனுசன், அதைச் சொல்லோணும். ஃபேனை எங்க பக்கம் திருப்பி வெச்சாரு. ஒரு பச்சைத் துணியை விரிச்சு அது மேல வாட்சை எடுத்து வெச்சாரு. எங்க வீட்டுக்காரரு மூச்சு விடலை. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்காரு. எனக்கு எப்படி இருக்கும்?

"ஏனுங்க பாய், பழசுங்கறீங்க, இத்தனை மின்னுதே?"ன்னேன்.

"துடைச்சு வெச்சிருக்கேம்மா."

"துடைச்சா, பாலிஷ் போட்டா?"

பாய் இவரைப் பாத்தாரு. "அம்மா எங்க வேலை பாக்கறாங்க?"

"செக்கிங்"னாரு இவரு. அதைச் சொல்றப்ப ஒரு சிரிப்பு வேற. அவரு ஆசையைக் கெடுக்க வந்தவகிட்ட என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்குது? ஒண்ணும் தெரியாத மனுசன்.

பாய் லென்ஸைக் குடுத்தாரு. நான் பாத்தேன். ஓரம் மழுங்கலை, கத்தியாட்டம் நிக்குது. வாரு மாட்டற கொம்புக்கு உள்பக்கம் முலாம் போயிருக்கான்னு பாத்தேன், போகலை. முள்ளு மருந்தும் நம்பர் மருந்தும் ஒரே பழுப்பு. "முதுகைத் திறங்க"ன்னேன். திறந்தாரு. உள்ள அதே கம்பெனி பேரு. நம்பர் வெட்டியிருக்கு. துரு இல்லை. ஸ்குரூவோட தலைகூடக் கிழியலை. காதுல வெச்சுக் கேட்டேன். படுக்க வெச்சுக் கேட்டேன், நிமித்தி வெச்சுக் கேட்டேன். ஒரே சீரா ஓடுது. பாய்க்கு வேர்க்கலை, எனக்குத்தான் வேர்த்துச்சு. ஒவ்வொண்ணும் சரியா இருக்கு. பூங்கோதை ஜெயிச்சுக்கிட்டே வர்றா அம்மிணி. என் கண்ணு முன்னாலயே ஜெயிச்சுக்கிட்டே வர்றா.

"கட்டிப் பாருங்கண்ணே"ன்னாரு பாய்.

இவரு வலது கையை நீட்டறாரு. இடது கையில எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட வாட்ச் இருக்குது. பேட்டரி வாட்ச். சாதாரணமானதுதான். எத்தனையோ தடவை வாரு மாத்தியாச்சு, கண்ணாடி மாத்தியாச்சு. குளிக்கறப்ப மட்டும்தான் கழட்டுவாரு.

"அதைக் கழட்டிட்டு இந்தக் கையில கட்டுங்கண்ணே, அப்பத்தான் எடுப்பாத் தெரியும்"னாரு பாய்.

"அது இருக்கட்டுங்க பாய். அது பாட்டுக்கு இருக்கட்டும்"னு சொல்லிட்டு வலது கையிலயே கட்டினாரு.

பாத்தீங்களா அவமரியாதையை? எங்கப்பா போட்ட வாட்சு கண்ணு முன்னாலயே, அந்த வீட்டு வாட்சைக் கட்டறாரு. கழட்டி ஒரு ஓரமா வெச்சுட்டாவது கட்டியிருக்கலாமில்ல? தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு வெளிய போயிட்டேன். படிக்கட்டுகிட்ட இருந்த பானையில ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

திரும்பி வந்து, கடைசியா ஒரு தடவைன்னு லென்ஸை எடுத்தேன். முகத்தைப் பாத்தேன். வாட்சோட முகத்தை. பன்னெண்டுக்குக் கீழ கம்பெனி பேரு. சரி. ஆறுக்குக் கீழ, ஓரத்துல, பொடி எழுத்துல சுவிஸ்னு இங்கிலீசுல எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனா எழுத்து எப்படி விழுந்திருக்குன்னு பாக்கறதுக்கு இங்கிலீசு எதுக்கு? கடைசி எழுத்து நிமிசக் கோட்டு மேல ஏறி நிக்குது. மத்த எழுத்தெல்லாம் தடிச்சுப் போயிருக்கு. முள்ளு சொருகற ஓட்டையைச் சுத்திப் பெயிண்ட் ஒரு நூலளவு திரண்டு நிக்குது. துணியில இதே தப்பை ஆயிரம் தடவை பாத்திருக்கேன். மறுபடி அடிச்ச பிரிண்ட். வாட்சோட முகம் பொய்.

வாய் வரைக்கும் வந்துச்சு. 'ஏனுங்க, இது வேண்டாம், எந்திரிங்க.' அதுக்குத்தானே போனேன்? நாக்கு நுனியில நிக்குது.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. இப்பச் சொன்னா என்ன ஆகும்? வெச்சுட்டு வருவாரு. அதோட விடுவாரா? அசலைத் தேடுவாரு. கோயமுத்தூரு, மெட்ராஸு, பம்பாயின்னு போன்ல நோண்டிக்கிட்டே இருப்பாரு. என்னைக்காவது ஒரு நாள் அசல் கிடைச்சுடும். அசல் பூங்கோதை நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்குவா. அதுக்கு இது மேல். பொய்யா ஒண்ணு கையில கிடக்கட்டும். ஆயுசுக்கும் கட்டிக்கிட்டுத் திரியட்டும். அவரு அவளைக் கட்டியிருக்கறதா நினைச்சுக்குவாரு. எனக்கு மட்டும் தெரியும், அது அவ இல்லைன்னு.

லென்ஸைக் கீழ வெச்சேன். "என்ன கலா?"ன்னாரு. "ஒண்ணுமில்லையே"ன்னேன். "வாங்கட்டுமா?"ன்னாரு. "உங்க இஷ்டம்"னேன். இத்தனை வருச செக்கிங்ல, குறையைப் பாத்தும் ஸ்டிக்கர் ஒட்டாம விட்டது இதுதான் மொதத் தடவை.

நான் ஜெயிச்சுட்டேன்தானே அம்மிணி? ஜெயிச்சுட்டேன். ஆனா பாருங்க, ஏறினதுல இருந்து பக்கத்து ஆளுகிட்ட எப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாரு. பொய் வாட்சுக்கே இந்தச் சிரிப்புன்னா அசலுக்கு என்ன ஆட்டம் ஆடியிருப்பாரு?

கொடுமுடி வந்துடுச்சா? டீக்கு நிறுத்தறாங்க போல. அடடா, இறங்கறாரு. இங்கதான் வர்றாரு. ஜன்னலுக்கு வர்றாரு. நீங்க ஒண்ணும் தெரியாதாட்டம் அந்தப் பக்கம் பாத்துக்குங்க அம்மிணி.

போயிட்டாரா? ஏறிட்டாரா? கண்டக்டர் விசில் அடிச்சுட்டான், ஓடறாரு பாருங்க, இந்த வயசுல. நீங்க கேட்டீங்கல்ல? கேக்காதாட்டம் இருந்தாலும் கேட்டிருப்பீங்க. என்ன சொன்னாரு பாத்தீங்களா?

வாட்சைக் கழட்டி ஜன்னல் வழியா என் கையில குடுக்கறாரு. "நீ வெச்சுக்க கலா, எனக்குக் கை வேர்க்குது"ன்னு. அப்புறம் மெதுவாச் சொல்றாரு. "முகம் மறுபடி பெயிண்ட் அடிச்சதுன்னு பாயே சொல்லிட்டாரு. நீ தண்ணி குடிக்கப் போனப்ப. 'உள்ள மிஷினு அசல், முகம் மட்டும் அடிச்சது, தெரிஞ்சு வாங்குங்கண்ணே'ன்னாரு."

எனக்கு உசுரே போச்சு. "தெரிஞ்சுமா வாங்கினீங்க?"ன்னேன்.

"சரி, வேண்டாம்னு எந்திரிக்கத்தான் இருந்தேன். அப்ப நீ வந்து லென்ஸை எடுத்தே. ஆறு மணிக்குக் கீழ பாக்கறப்ப உன் புருவம் ஏறுச்சு. நீ கண்டுபிடிச்சுட்டேன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இப்ப ஸ்டிக்கர் ஒட்டுவே, நாமளும் கிளம்பலாம்னு செருப்பைக்கூடத் தேடினேன். நீ ஒட்டலை. ஒண்ணுமில்லையேன்னுட்டே. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் நீ குறை சொல்லாம விட்ட சாமான் ஒண்ணு உண்டா? சரி, உனக்குப் புடிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். அதுக்குத்தான் வாங்கினேன்."

கேட்டீங்களா? எனக்குப் புடிச்சுப் போச்சாம்! எனக்காக வாங்கினாராம்! பழியைத் தூக்கி என் தலையில போட்டாச்சு. அந்த வெள்ளகோயில்காரி மேல இருக்கிற ஆசைக்கு நான் சாக்கு. அது கிடக்கட்டும், வாட்ச் பாக்க வந்த மனுசன் வாட்சைப் பாக்கோணும். என் புருவம் ஏறுதா இறங்குதான்னு அவருக்கு என்ன பார்வை? இருபத்தாறு வருசமா நான் எது சொன்னாலும் காதுல வாங்காத ஆளு, சொல்லாததை மட்டும் நல்லா வாங்கியிருக்காரு.

இந்தாங்க, நீங்களும் பாருங்க. பொய் முகம்தான். ஆனா முள்ளு நழுவுது, இல்லை? எறும்பாட்டம். அதைச் சொல்லத்தான் வேணும். வெயில்ல புடிச்சா... இங்க, கண்ணாடி மேல... ஆமா, நிக்குது. கையில வெச்சிருந்தா உள்ளங்கையில ஓடறது தெரியுது. குருவியைப் புடிச்சாப்புல.

போறப்ப இன்னொண்ணு சொல்லிட்டுப் போனாரு, கவனிச்சீங்களா? தினமும் காலையில இதுக்குச் சாவி குடுக்கோணுமாம். ஒரு நாள் மறந்தாலும் நின்னுடுமாம். தினமும் காலையில! தினமும் காலையில எந்திரிச்சு, அவளை நினைச்சுக்கிட்டு, இவரு இந்தத் திருகைத் திருகிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் அடுப்படியில நின்னு அதைப் பாத்துட்டே இருக்கோணுமா? முடியாது. நான் விட மாட்டேன். நானே குடுத்துடறேன் சாவி. அவரு எந்திரிக்கறதுக்கு முந்தி. இனிமே எந்திரிச்சதும் எனக்கு மொத வேலை இதுதான். அவரு விரலுகூட இது மேல படக்கூடாது.

எத்தனை சுத்துன்னு தெரியலையே. அதிகமாத் திருகினா அறுந்து போகுமாம், வீடியோவுல சொன்னாங்க. இருங்க, கேட்டுடறேன். கொஞ்சம் தள்ளிக்குங்க அம்மிணி. ஏனுங்க! ஏனுங்க, இங்க திரும்புங்க! இதுக்கு எத்தனை சுத்து குடுக்கோணும்?

திரும்பிட்டாரு. என்னையே பாத்துச் சிரிக்கிறாரு பாருங்க.

யாரை நினைச்சுச் சிரிக்கிறாரோ.